சின்னவளின் வில்லை

கப்பலில் ஏறிய முதல் நாளே வழிகாட்டி எங்களை எல்லாம் ஏணிக் கதவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு பலகையைக் காட்டினார். பலகை நிறைய ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு வட்ட வில்லை. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு, இரண்டு பக்கமும் நம்பர். தீவில் இறங்கும்போது உங்கள் வில்லையைச் சிவப்புக்குத் திருப்ப வேண்டும், கப்பலுக்கு வந்ததும் பச்சைக்குத் திருப்ப வேண்டும். பலகை முழுக்கப் பச்சையானால்தான் நங்கூரம் தூக்குவார்கள்.

"அவங்கவங்க வில்லைய அவங்கவங்களே திருப்புங்க. புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் சரி, ஒருத்தரோடத இன்னொருத்தர் தொடாதீங்க" என்று அவர் தினமும் காலையில் சொன்னார். தினமும் நான் தலையாட்டினேன். யாருக்குப் போய் இதைச் சொல்கிறார் என்று சிரிப்பாகக்கூட இருந்தது. நான் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். ராத்திரி கேட்டைப் பூட்டும் முன் தலை எண்ணுவதே என் பிழைப்பாக இருந்தது. இரண்டாம் நாள், புதிதாகக் கல்யாணமான ஒரு பையன் தன் மனைவியின் வில்லையையும் சேர்த்துத் திருப்பியதைப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் அவனைப் பிடி பிடி என்று பிடித்தேன். பாவம், காது சிவந்துவிட்டது அவனுக்கு.

என் நம்பர் பதினொன்று. என் தங்கைக்குப் பன்னிரண்டு. வீட்டில் எங்களைப் பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னவளுக்குத் தலையில் பாதி நரைத்துவிட்டது, ஆனாலும் சின்னவள்தான். அவள் புருஷன் போனதிலிருந்து என் வீட்டில் இருக்கிறாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வேலையில் கெட்டிக்காரி என்று எல்லாரும் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தால் குழாயைச் சரியாக மூட மாட்டாள், மின்விசிறியை நிறுத்த மாட்டாள், செருப்பை ஒன்று கிழக்கிலும் ஒன்று மேற்கிலுமாக விடுவாள். எல்லாவற்றையும் நான்தான் பின்னாலேயே போய்ச் சரி செய்வேன். சின்ன வயதிலிருந்து அவளுக்கு இழுப்பு உண்டு. குளிர்ந்தாலோ அழுதாலோ மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். அவளுடைய இன்ஹேலர் என் கைப்பையில்தான் இருக்கும். அவளிடம் கொடுத்தால் எங்கேயாவது வைத்துவிட்டு முழிப்பாள்.

என் வீட்டுக்காரருக்குக் கடல் என்றாலே குமட்டல், அதனால் சின்னவளை அழைத்துக்கொண்டு வந்தேன். சின்னக் கப்பல். ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைக்கு உட்காருகிற அளவுக்குத்தான் ஆட்கள். அன்று காலை டால்பின்கள் கப்பலின் மூக்குக்கு முன்னால் விழுந்து விழுந்து ஓடின. சின்னவள் கம்பியின் மேல் பாதி உடம்பைச் சாய்த்துக்கொண்டு பார்த்தாள். நான் அவளுடைய ஸ்வெட்டரின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டால்பினை நான் எங்கே பார்த்தேன்.

மதியத்துக்கு முன் தீவில் இறக்கினார்கள். மேடான கூழாங்கல் கரை, அதற்குப் பின்னால் பாறைகள், பாறைக்கு மேல் புல். கூழாங்கல் நெடுக ஆலா என்கிற வெள்ளைக் கடற்பறவைகள் முட்டையிட்டிருந்தன. கூட்டுக்குக் கிட்டே போனால் பாய்ந்து தலையில் கொத்துமாம். எது உயரமாக இருக்கிறதோ அதைத்தான் கொத்தும் என்று வழிகாட்டி ஆளுக்கொரு குச்சி கொடுத்து, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார். கடல் ஏறினால் இறங்கிய கரை முழுகிவிடும், அதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்றும் சொன்னார். மற்றவர்கள் அவர் பின்னால் மேட்டுக்கு ஏறினார்கள். மூட்டு வலிக்காரர்கள் சிலர் படகுக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டார்கள். நானும் சின்னவளும் பாறைப் பக்கம் போனோம்.

அங்கே ஒரு கடல்நாய்க் குட்டி தனியாகக் கிடந்தது. கண் மட்டும் ஈரமாக, பெரிதாக இருந்தது. தாய் இரை தேடிப் போயிருக்கும், யாரும் தொடக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

"இப்படியா ஒருத்தி பச்சப்புள்ளைய வெட்டவெளியில போட்டுட்டுப் போவா?" என்றேன்.

"அக்கா, அதுக்கும் ஒரு ஸ்வெட்டர் போட்டு விட்டுடாத" என்று சின்னவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, ஒரு கல்லில் உட்கார்ந்து, மெதுவாக ஆரம்பித்தாள். "ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்ல வாய் வரல. வேற ஊர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரில லேபைப் பாத்துக்க ஆள் கேட்டாங்க. நான் அப்ளிகேஷன் போட்டிருக்கேன். நேர்ல போய்ப் பேசிட்டும் வந்துட்டேன். இந்த வாரம் கூப்பிடறேன்னாங்க. கெடைச்சா போயிடலாம்னு இருக்கேன்."

"கூப்பிட்டாங்க" என்றேன் நான்.

அவள் என்னைப் பார்த்தாள். "எப்போ?"

"நாம கிளம்பறதுக்கு முந்தின நாள். நீ குளிச்சிட்டு இருந்த. வர முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"என் போன்லயா?"

"உன் போன்தான். அதுக்கென்ன இப்போ? தனியா ஒரு ஊர்ல ராத்திரி இழுப்பு வந்தா யாரு இருக்கா உனக்கு? கதவத் தட்டக்கூட ஆள் கிடையாது. நல்லதுக்குத்தான் சொன்னேன்."

சின்னவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குச்சியால் கூழாங்கல்லைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"நீ படகுக்குப் போக்கா" என்றாள் கடைசியில். "கொஞ்ச நேரம் உன் மூஞ்சியப் பாக்க முடியாது என்னால."

என் மூஞ்சியா! ஊட்டி வளர்த்த மூஞ்சி, ஆஸ்பத்திரி வராந்தாவில் கண் விழித்த மூஞ்சி. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அன்று அது மூக்கைத் தாண்டிப் போயிற்று. "நல்லா இரு" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூழாங்கல் தெறிக்க நடந்தேன். மூட்டு வலிக்காரர்களோடு முதல் படகில் ஏறிவிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கப்பலில் ஏறியதும் பூட்ஸைக் கழுவினேன். பலகைக்கு வந்தேன். பதினொன்றைப் பச்சைக்குத் திருப்பினேன். கை அப்படியே பக்கத்து ஆணிக்குப் போய்ப் பன்னிரண்டையும் திருப்பிற்று. அதைச் செய்கிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. அவள் விட்ட குழாயை மூடுகிற மாதிரி, மின்விசிறியை நிறுத்துகிற மாதிரி, போகிற போக்கில் செய்துவிட்டு மேல்தளத்துக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு தீவில் நடந்ததை வழிகாட்டி பின்னால் சொன்னார். மேட்டிலிருந்து இறங்கி வந்தபோது எங்கள் இருவரையும் காணோம். சின்னவள் பாறையைச் சுற்றி அந்தப் பக்கம் போயிருந்தாள். அவர் வாக்கி டாக்கியில் கப்பலைக் கேட்டார்: "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் வந்துட்டாங்களா?" கப்பலில் இருந்தவர் பலகையைப் பார்த்தார். பதினொன்று பச்சை, பன்னிரண்டு பச்சை. "வந்துட்டாங்க" என்றார். கடைசிப் படகும் கிளம்பிவிட்டது. நங்கூரத்தைத் தூக்கிவிட்டார்கள்.

நான் அவள் கடைசிப் படகில் வந்து அறையில் குப்புறப் படுத்திருப்பாள் என்றே நினைத்தேன். சண்டை போட்டால் அவள் அப்படித்தான் செய்வாள். எங்கேயோ திமிங்கிலம் நீரைப் பீய்ச்சியடித்தது என்று எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். நான் அசையவில்லை. ராத்திரி அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒவ்வொரு வாக்கியமாகக் கட்டிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. அவள் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று விட எனக்கு மனசு வருமா? பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டு, "பன்னிரண்டாம் நம்பருக்கு எங்க ரூமுக்கே கொண்டு போய்க் கொடும்மா. காரம் வேண்டாம். கூட வெந்நீர் வெய்யி" என்றேன்.

அந்தப் பெண் தட்டோடு திரும்பி வந்தாள். சூப்பில் இன்னும் ஆவி பறந்தது.

"ரூம்ல யாரும் இல்ல மேடம். படுக்கைகூடக் கலையல."

குளியலறையில் பார்த்தார்கள். மேல்தளம், சமையல்கட்டு, புத்தக அறை எல்லாம் பார்த்தார்கள். கப்பலே என் வீட்டு மாடியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தேட எவ்வளவு நேரமாகும்? கேப்டன் வந்தார். பலகைக்கு முன்னால் நின்று பன்னிரண்டைப் பார்த்தார்.

"பச்சையா இருக்கு. அப்படின்னா அவங்க ஏறியிருக்காங்க" என்றார். "ஏறினவங்க கப்பல்ல இல்லன்னா..." மேலே சொல்லாமல் படியேறி ஓடினார்.

எஞ்சின் சத்தம் மாறியது. கப்பல் வந்த வழியிலேயே மெல்லத் திரும்பியது. எல்லாரையும் கம்பியோரமாக நிற்க வைத்துத் தண்ணீரைப் பார்க்கச் சொன்னார்கள். காலையில் டால்பினைத் தேடிய அதே பைனாகுலர்களால் இப்போது என் தங்கையைத் தேடினார்கள். ஒருவர் தன் மனைவியிடம், "இந்தக் குளிர்ல எவ்வளவு நேரம் தாங்கும்" என்று தணிந்த குரலில் கேட்டார். நுரையெல்லாம் அவளுடைய தலையாகத் தெரிந்தது.

கேப்டன் என்னிடம் வந்தார். "மேடம், நல்லா யோசிச்சு சொல்லுங்க. உங்க கூட அவங்க படகுல வந்தாங்களா?"

"இல்ல. அடுத்த படகுல வந்திருப்பா."

"வந்ததை நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா வில்லை பச்சையா இருக்கே."

"சரி. ஏறி, வில்லையத் திருப்பிட்டு, அப்புறம் மேல வந்து..." பேசிக்கொண்டே வில்லையைத் திருப்புவது போலக் கையைத் திருப்பிக் காட்டினார்.

அந்தக் கையைப் பார்த்தபோதுதான் என் கைக்கு ஞாபகம் வந்தது. ஈரக் கை. முதலில் ஒரு வில்லை, அப்புறம் பக்கத்து வில்லை.

சொல்லவேண்டியது ஒரே ஒரு வரி. அந்தப் புது மாப்பிள்ளை என் பக்கத்திலேயே நின்று கண்ணைச் சுருக்கித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். தங்கை உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாத நேரத்தில் எனக்கு அந்த நினைப்பும் வந்தது, மறைக்க மாட்டேன். கப்பல் தப்பான இடத்தைத் தேடிக்கொண்டே போய்க்கொண்டிருந்தது. என் கைப்பைக்குள் அவள் இன்ஹேலர் இருந்தது.

"பன்னிரண்ட நான்தான் திருப்பினேன்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும், விடுதி மாடி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னேன். "அவ ஏறவே இல்ல. நான்தான் திருப்பிட்டேன். அவ தீவுலதான் இருக்கா. இழுப்புக்காரி. மருந்து என்கிட்ட இருக்கு."

கேப்டன் படியேறி ஓடினார். கப்பல் ஒரு குலுக்குக் குலுக்கி, தேடுவதை விட்டுத் தீவை நோக்கி வேகமெடுத்தது. எத்தனையோ வருஷம் மற்றவர் வீட்டுப் பெண்களை எண்ணிப் பூட்டினேன். என் வீட்டில் இருந்ததே ஒன்று, அதை எண்ணாமல் விட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நாங்கள் இறங்கிய கரையில் பாதிக்கு மேல் தண்ணீர். ரப்பர் படகை இறக்கினார்கள். நானும் வருகிறேன் என்று ஏணியைப் பிடித்தேன். வழிகாட்டி தடுத்தார்.

"முடியாது மேடம். அலை அடிக்குது. மருந்தக் கொடுங்க, நான் கொண்டு போறேன்."

"அத எப்படிக் கொடுக்கணும்னு எனக்குத்தான் தெரியும்."

"அவங்களுக்குத் தெரியும் இல்ல?" என்றார் அவர். கையை நீட்டியபடியே நின்றார். நான் பையைத் திறந்து இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன்.

யாரோ என் கையில் ஒரு பைனாகுலரை வைத்தார்கள். புது மாப்பிள்ளைதான். கண்ணில் வைத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை, வெள்ளை வெள்ளையாக ஆடியது. பிறகு தெரிந்தது, ஆலாக்கள். நூற்றுக்கணக்கில் எழுந்து ஓர் இடத்தில் பாய்ந்து பாய்ந்து இறங்கின. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு குச்சி மேலே நீட்டியபடி இருந்தது. தண்ணீர் ஏறியதால் அவள் கூடுகள் இருக்கிற மேட்டுக்குத் தள்ளப்பட்டிருக்கிறாள். குச்சி ஆடியது, சாய்ந்தது, மறுபடி நிமிர்ந்தது. குச்சியைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. ஒருமுறை அது கீழே போயிற்று. வரவில்லை. அப்புறம் மெதுவாக எழுந்தது. படகு கரையைத் தொட்டது.

அவளைக் கம்பளியில் சுற்றிக் கொண்டு வந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. உச்சந்தலையில் கொத்துப்பட்டு ரத்தம் காய்ந்திருந்தது. மருந்து வேலை செய்ததில் மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது, ஆனால் நெஞ்சுக்குள் விசில் எனக்கு ஏணி வரைக்கும் கேட்டது. கையைப் பிடிக்கப் போனேன்.

"விடு. நானே ஏறுறேன்" என்றாள்.

ஏறினாள். பலகைக்கு முன்னால் நின்றாள். பன்னிரண்டு பச்சையாக இருந்தது. அதைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கம்பளிக்குள்ளிருந்து விரலை நீட்டி அந்த வில்லையைச் சிவப்புக்குத் திருப்பினாள். படியிறங்கிப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கப்பல் கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கேப்டன் வந்து பலகையைப் பார்த்தார்.

"அவங்க உள்ளதான் இருக்காங்க, எனக்குத் தெரியும். ஆனா மத்தியானம் பலகைய நம்பி ஏமாந்தேன். இன்னிக்கு அவங்க கையால அது திரும்பாம நங்கூரம் தூக்க மாட்டேன்" என்றார்.

"ஆன்ட்டி, நீங்களே திருப்பிடுங்களேன். பழக்கம்தானே" என்றான் புது மாப்பிள்ளை. அவன் மனைவி அவனை இடித்தாள். வேறு நாளாக இருந்தால் அவன் தோலை உரித்திருப்பேன். அன்று அவனைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனேன்.

இறங்கிப் போனேன். அது என் அறையும்தான், சாவி என் பையில் இருந்தது. ஆனாலும் கதவைத் தட்டினேன். என் ஆயுசில் அவள் இருக்கிற அறையை நான் தட்டியதே இல்லை.

"யாரு?"

"நான்தான்."

கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து பேசினாள். கதவுக்குக் கிட்டேதான் இருந்தாள் போலிருக்கிறது. "கப்பல் போறதப் பாத்தேன்க்கா. முதல்ல பயமே வரல. அப்பாடான்னு இருந்துச்சு. சத்தியமா. யாரும் இல்ல, நானும் அந்தக் குட்டியும்தான். அதோட அம்மாகூட வந்துச்சு. என்னப் பாத்து உறுமுச்சு. அப்புறந்தான் குளிர் எடுத்து மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. மருந்துக்குக் கைய நீட்டி உன் பையத் தேடறேன். பை எங்க? உன் தோள்ல."

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. கேட்க வைத்துத்தான் பழக்கம்.

"தப்பு பண்ணிட்டேன்டி" என்றேன். "வில்லையிலயும், போன்லயும். ரெண்டும் தப்பு."

பையைத் திறந்தேன். தீவில் அவள் கழற்றிக் கொடுத்திருந்த ஸ்வெட்டரை எடுத்துக் கதவோரம் வைத்தேன். அவள் தண்ணீர் பாட்டில், கண்ணாடிக் கூடு, மாத்திரை டப்பா, சீப்பு, போன். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. என்னுடையது என்று கடைசியில் பையில் மிஞ்சியது ஒரு கைக்குட்டையும் சாவியும்தான்.

"உன் சாமானெல்லாம் வெளியில வெச்சிருக்கேன். அந்த ஆஸ்பத்திரிக்கு நீயே பேசு. அக்கா தெரியாம சொல்லிட்டாங்கன்னு சொல்லு. அக்காவுக்குப் பைத்தியம்னு வேணும்னாலும் சொல்லு."

"அது அவங்களுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

எழுந்து மேலே வந்து பலகைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு கைக்கெட்டும் தூரத்தில் சிவப்பாகத் தொங்கியது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

சின்னவள் வந்தாள். ஸ்வெட்டரைப் பட்டன் மாற்றிப் போட்டிருந்தாள், ஒரு பக்கம் மேலே ஏறியிருந்தது. இன்ஹேலர் அவள் பாக்கெட்டில் துருத்திக்கொண்டு தெரிந்தது. என்னைத் தாண்டிப் போய் வில்லையைப் பச்சைக்குத் திருப்பினாள். கீழே நங்கூரச் சங்கிலி உருளத் தொடங்கியது.

அவள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேல்தளத்தில் இங்கும் அங்கும் நடந்து சிக்னல் தேடினாள். கப்பல் ஊர் இருக்கிற கரைப்பக்கமாக வளைந்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டாள். காற்று சுளீரென்று அடித்தது. சால்வையைக் கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும் என்று கால் பரபரத்தது. நான் எழுந்திருக்கவில்லை. இவள் போகத்தான் போகிறாள், வீட்டில் இனி நான் மூட வேண்டிய குழாய் ஒன்றும் இருக்காது என்று தெரிந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"ஆமாங்க" என்று காற்றுக்கு மேல் அவள் குரல் கேட்டது. "அன்னிக்குப் பேசினது எங்க அக்கா. இப்போ நானேதான் பேசறேன்."